"நாளைக்கு யார் யார் வர்றீங்க?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

நண்பர்கள் சேர்ந்து வாராவாரம் விளையாடலாம், அப்படியே உடம்பையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்கிற கூட்டம் எப்படிக் கலையும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும், மூன்று கூட்டத்தை நானே கலைத்திருக்கிறேன். முதல் வாரம் 14 பேர் வருவார்கள். அடுத்த வாரம் 9 பேர். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி குரூப்பில் ஒருவர் "நாளைக்கு யார் யார் வர்றீங்க?" என்று போடுவார், நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், இரண்டு பேர் "பார்க்கிறேன்" என்பார்கள், மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். காலையில் மைதானத்தில் நிற்பது இரண்டே பேர். அதற்குப் பிறகு அந்த குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வரும்.

நாலாவது கூட்டம் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் பாதிப் பேர் பழைய சோம்பேறிகள்தான், என்னையும் சேர்த்து. மாறியது நடத்துகிற விதம் மட்டும்தான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தனியாக ஜிம்முக்குப் போகாமல் ஏன் இவ்வளவு பேரைக் கட்டி இழுக்க வேண்டும்? கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உடம்பை அசைக்காமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டுகளும், பேட்மின்டன் ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டுகளும், கால்பந்துக்கு 4.7 ஆண்டுகளும் கூடுதலாக இருந்ததாம். மெதுவோட்டத்துக்கு 3.2. ஜிம்முக்கு 1.5 தான். டென்னிஸ் ஆட வசதியும் நேரமும் வேண்டும், அந்த வசதியே ஆயுளைக் கூட்டியிருக்கலாம், ஆகவே இந்தக் கணக்கை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் பட்டியலின் மேலே இருக்கிற மூன்றுமே எதிரில் இன்னொரு ஆள் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்கள். ஆய்வு செய்தவர்களும் மனிதர்களோடு பழகுவதில் ஏதோ இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

எத்தனை பேர்

ஆள் அதிகம் இருந்தால் கூட்டம் பலமாக இருக்கும் என்று நினைத்துத்தான் நான் முதல் மூன்று தடவையும் ஏமாந்தேன். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறு வருஷத்துக்கு முன்பே ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்தார். ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் குறைந்துகொண்டே போனது. நம் குரூப்பும் அதே கயிறுதான். 14 பேர் இருக்கிற இடத்தில் "நான் ஒருவன் போகாவிட்டால் என்ன" என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூன்று பேரின் காலை கெட்டுவிடும், அது அந்த ஒருவருக்கும் தெரியும், அலாரத்தை அணைக்கக் கை வராது.

ஆட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டுமோ அதைவிட ஒன்றிரண்டு பேர் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்மின்டன் டபுள்ஸ் என்றால் ஐந்து அல்லது ஆறு பேர். ஐந்துக்கு ஐந்து கால்பந்து என்றால் 12 பேர் போதும். அதற்கு மேல் ஆள் கேட்டால் இன்னொரு நாளில் இன்னொரு கூட்டம் ஆரம்பித்துக் கொடுங்கள்.

நாளையும் நேரத்தையும் பேச்சுவார்த்தையாக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வசதியான நேரம் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடுகிற கூட்டம் தேடிக்கொண்டேதான் இருக்கும். மூன்று பேருக்கு ஒத்துவருகிற ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம். சனிக்கிழமை காலை ஆறரை என்றால் வருஷம் முழுக்க சனிக்கிழமை காலை ஆறரை. இந்த வாரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று யாராவது கேட்டால், அவர் எவ்வளவு நெருக்கமான நண்பராக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவை மாற்றினால் அடுத்த வாரமும் மாற்றலாம் என்றாகிவிடும், அப்புறம் ஒவ்வொரு வாரமும் பேரம்தான்.

அதனால்தான் தலைப்பில் சொன்ன கேள்வியைக் கேட்கக் கூடாது என்கிறேன். "யார் வர்றீங்க" என்றால் வராமல் இருப்பது இயல்பு, வருவதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று ஆகிவிடுகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். வருவதுதான் இயல்பு, வர முடியாதவர் மட்டும் முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்லட்டும். காரணம் கேட்க வேண்டாம். காரணம் கேட்டால் பொய் சொல்லப் பழகுவார்கள், பொய் சொன்னவர் அடுத்த வாரம் முகம் காட்டக் கூச்சப்பட்டு அப்படியே நின்றுவிடுவார்.

2004-இல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். அதுதான் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிற பார்க்ரன். கட்டணம் இல்லை, ஒரே கிழமை, ஒரே தூரம், யாரும் யாரையும் வருகிறாயா என்று கேட்பதில்லை. அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. கடைசி ஆளாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், ஆகவே பங்கெடுக்கிற யாரும் கடைசி இடத்துக்கு வரவே முடியாது. இதைப் பிறகு நம் கூட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

இன்னொன்று: குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்காதீர்கள். "ஆறு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம்" என்றால் ஐந்து பேர் வந்த நாளில் ஐந்து பேரும் வீடு திரும்புவார்கள், அடுத்த வாரம் அந்த ஐந்து பேருமே யோசிப்பார்கள். இரண்டு பேர் வந்தால் சிங்கிள்ஸ், மூன்று பேர் வந்தால் ஒருவருக்கு எதிராக இருவர், ஒரே ஒரு ஆள் வந்தால் அவர் மைதானத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்துவிட்டு ஒரு படம் எடுத்துப் போடட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் அப்படித் தனியாக நடந்த படங்களாகவே இருக்கும். கிண்டல் செய்தார்கள்தான். ஆனால் மழை விட்டதும் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, நேராக வந்துவிட்டார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கோர்ட்டுக்கு வாடகை இருந்தால் மாதத் தொடக்கத்திலேயே சமமாகப் பிரித்து வாங்கிவிடுங்கள், வந்த நாளுக்கு மட்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். முன்பணம் கட்டியவர் வருவார். வசூலிக்கிற வேலையும் பந்து, ஷட்டில் வாங்குகிற வேலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள் சலித்துப்போய் ஒருநாள் குரூப்பை விட்டே போய்விடுவார்.

எந்த ஆட்டம்

நீங்கள் நன்றாக ஆடுகிற ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புதிதாக வந்தவர் முதல் பத்து நிமிடத்திலேயே பந்தைத் திருப்பி அடிக்க முடிகிற ஆட்டமாக இருக்க வேண்டும். டென்னிஸ் அருமையான ஆட்டம்தான், ஆனால் புதியவர் இருவர் ஆடினால் பெரும்பாலான நேரம் பந்து பொறுக்குவதில் போகும். பேட்மின்டன் அந்த வகையில் கருணை உள்ளது, 5 கிராம் எடையுள்ள ஷட்டில் காற்றில் வேகம் இழந்து நின்று விழுவதால் கைக்கு நேரம் கிடைக்கிறது. சின்ன மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை அடிக்கிற பிக்கிள்பால் 1965-இல் விடுமுறை வீட்டுக் கொல்லைப்புறத்தில் குடும்பத்துக்காகவே உருவான ஆட்டம், அதன் கோர்ட்டும் பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டும் ஒரே அளவு, சுமார் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஆகவே ஒரே கோர்ட்டில் நெட்டை இறக்கிக் கட்டி இரண்டையும் மாற்றி மாற்றி ஆடலாம். முழங்கால் தகராறு செய்கிறவர்கள் இருந்தால் இது நல்ல யோசனை.

திறந்தவெளி மட்டும்தான் இருக்கிறது என்றால், பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து ஆடுகிற அல்டிமேட் ஃபிரிஸ்பீ முயன்று பாருங்கள். ஒரு தட்டு போதும், ஆண் பெண் கலந்து ஆடலாம், உலகப் போட்டிகளில்கூட நடுவர் கிடையாது, தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். சண்டைக்கோழி நண்பர்கள் உள்ள கூட்டத்துக்கு இது நல்ல பயிற்சி, கொஞ்சம் ஆபத்தும்கூட.

ஜோடியை மாற்றிக்கொண்டே இருங்கள்

நல்லா ஆடுகிற இருவர் ஒரு பக்கம், தடுமாறுகிற இருவர் மறு பக்கம் என்று இரண்டு வாரம் போனால் மூன்றாவது வாரம் தடுமாறுகிறவர்கள் வரமாட்டார்கள். "ஜெயித்தவர் நிற்கட்டும், தோற்றவர் வெளியே" என்ற வழக்கம் இதைவிட மோசம். அதிகம் ஆட வேண்டியவர் வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் முறை இது. வந்தவர்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துவிடுவோம். நாலு பேர் என்றால் மூன்று ஆட்டம்: 1-2 எதிர் 3-4, பிறகு 1-3 எதிர் 2-4, பிறகு 1-4 எதிர் 2-3. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஜோடி சேர்ந்தாயிற்று. ஐந்து பேர் என்றால் இன்னும் அழகு, ஐந்து ஆட்டத்தில் கணக்கு சரியாக முடிந்துவிடும். 5 வெளியே: 1-4 எதிர் 2-3. 1 வெளியே: 2-5 எதிர் 3-4. 2 வெளியே: 1-3 எதிர் 4-5. 3 வெளியே: 2-4 எதிர் 1-5. 4 வெளியே: 3-5 எதிர் 1-2. ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆட்டம்தான் வெளியே, மற்ற நால்வரோடும் ஒவ்வொரு தடவை ஜோடி, ஒவ்வொருவருக்கும் எதிராக இரண்டு தடவை. 21 பாயின்ட் வரை ஆடினால் நேரம் இழுக்கும், 15-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். பாயின்டை ஜோடிக்கு அல்லாமல் ஆளுக்குத் தனியாக எழுதி வைத்தால் நாள் முடிவில் யார் முதல் என்றும் தெரியும்.

வெளியே இருக்கிறவருக்கும் ஒரு வேலை உண்டு, 15 தடவை உட்கார்ந்து எழுவது, 15 தடவை குதிகாலைத் தூக்கி இறக்குவது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம், இப்போது அது எழுதாத சட்டம்.

திறமையில் பெரிய இடைவெளி இருந்தால் வலுவானவர் கழித்தலில் ஆரம்பிக்கட்டும், அதாவது அவர் இருக்கிற பக்கம் பூஜ்யத்துக்குப் பதில் கழித்தல் 5-இல் தொடங்கும். அல்லது அவர் ஸ்மாஷ் அடிக்கக் கூடாது. நல்ல ஆட்டக்காரருக்கும் இது சுவாரசியம்தான், சும்மா ஓங்கி அடிப்பதை விட்டு இடம் பார்த்துப் போட வேண்டியிருக்கும். 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் படகு வலிக்கும் கிளப்காரர்களை எடை தூக்கச் சொல்லிக் கவனித்தார். இருவர் சேர்ந்து தூக்கும்போது பலவீனமானவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவரின் பலமும் ஓரளவுக்கு வித்தியாசப்பட்டபோதுதான் அந்த விளைவு நன்றாகத் தெரிந்தது, இடைவெளி ரொம்பப் பெரிதானபோது அது குறைந்துபோனது. உங்களைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற நண்பர்தான் உங்களை இழுத்துக்கொண்டு போவார். ரொம்ப மேலே இருக்கிறவரைப் பார்த்தால் கைதான் தட்டத் தோன்றும்.

ஓட்டம், நடை என்றால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள்

நாலு நண்பர்கள் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடக் கிளம்பினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே நாலு தனித்தனி ஆட்கள் ஆகிவிடுவார்கள். அதற்கு எளிய தீர்வு: எல்லோரும் ஒன்றாகக் கிளம்புங்கள், 15 நிமிடம் ஆனதும் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். வேகமானவர் தூரம் போயிருப்பார், மெதுவானவர் பக்கத்திலேயே இருப்பார், திரும்பி வரும்போது எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிளம்பின இடத்துக்கு வந்து சேர்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம், யாரும் "என்னால் உங்களுக்குத் தாமதம்" என்று சொல்லவும் வேண்டாம். பார்க்ரன்னில் சொன்ன அந்தக் கடைசி ஆள் வேலையை இங்கே வாரத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், அன்றைக்கு அவர் மிக மெதுவானவரோடு பேசிக்கொண்டே வருவார்.

ஓடியே பழக்கம் இல்லாதவர் ஓடி நடந்து, ஓடி நடந்துதான் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று 20 நிமிடம், வாரம் மூன்று நாள். புதியவர்களை 5 கிலோமீட்டர் ஓட வைக்கிற பிரபலமான ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம் இதுதான். வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டாம், பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

உடம்பு உடைந்தால் கூட்டமும் உடையும்

வார்ம்-அப் என்றால் நின்ற இடத்தில் கையை இரண்டு ஆட்டு ஆட்டுவது என்று பல பேர் நினைக்கிறார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவுடன் ஷட்டிலைத் துரத்திப் பாய்கிற நாற்பது வயதுக்காரர்தான் குதிகால் தசைநாணை அறுத்துக்கொள்கிறவர். பின்னங்காலில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது, அவர் பின்னால் நின்ற என்னைத்தான் முதலில் திட்டினார். திரும்பி வர எட்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு பத்து நிமிட வார்ம்-அப் இல்லாமல் எங்களில் யாரும் பேட்டைத் தொடுவதில்லை: மெதுவோட்டம், பக்கவாட்டில் ஓட்டம், காலை முன்னும் பின்னும் வீசுவது, ஒற்றைக் காலில் நிற்பது, சின்னக் குதிப்புகள், கடைசியாக இரண்டு மூன்று வேக ஓட்டம். கால்பந்து ஆடுகிறவர்கள் ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பைத் தேடிப் பாருங்கள், அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் நன்றாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

டபுள்ஸ் ஆடும்போது முன்னால் நிற்கிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. பேட்மின்டனில் கண்ணில் அடி படுவது பல நேரம் சொந்த ஜோடி அடித்த ஷட்டிலால்தான்.

கணுக்கால் மடங்கினால், வலியோடாவது நாலு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டு அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. தலையில் அடி பட்டவருக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவர் எவ்வளவு "நல்லா இருக்கேன்" என்றாலும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் உடனே ஆட்டத்தை நிறுத்தி அவசர உதவியைக் கூப்பிடுங்கள், வாயுவாக இருக்கும் என்று யாரும் அங்கே வைத்தியம் சொல்ல வேண்டாம். இதயப் பிரச்சினையோ சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும், மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

முதல் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிற தசை வலி வேறு விஷயம். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். புதியவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்து நின்றுவிடுவார்.

வாரம் ஒருநாள் போதுமா

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. ஒன்றரை மணி நேர டபுள்ஸ் என்றால் 90 நிமிட உழைப்பு என்று கணக்கு எழுதாதீர்கள், அதில் பாதி நேரம் ஷட்டில் பொறுக்குவது, தண்ணீர் குடிப்பது, பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று வாதாடுவது. ஆகவே வார நடுவில் ஒருநாள் இன்னொரு சின்ன ஏற்பாடு வேண்டும். எங்களில் இரண்டு பேர் புதன்கிழமை அரை மணி நேரம் போனில் பேசுவார்கள், இருவரும் அவரவர் இடத்தில் வேகமாக நடந்துகொண்டே. வேறு வேறு ஊரில் இருக்கிற பழைய நண்பர்களுக்கும் இது ஒத்துவரும்.

தினம் 10,000 அடி என்று யாராவது போட்டி வைத்தால் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் அந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டாம். 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் அது, "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள். மருத்துவர்கள் கூடிக் கணக்குப் பார்த்துச் சொன்ன எண் அல்ல.

காணாமல் போனவரை எப்படிக் கூப்பிடுவது

எல்லாக் கூட்டத்திலும் இரண்டு மாதம் வராத ஒருவர் இருப்பார். வேலை, குழந்தை, உடம்பு சரியில்லை, ஏதோ ஒன்று. வராத நாட்கள் சேரச் சேரத் திரும்பி வருவது கஷ்டமாகிவிடும். குரூப்பில் எல்லோர் முன்னாலும் "ஆளையே காணோமே" என்று போடாதீர்கள், அது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். தனியாகக் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காமல், "சனிக்கிழமை மூன்று பேர்தான் இருக்கிறோம், நாலாவது ஆள் வேண்டும், உன் பேட்டை நானே எடுத்து வந்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஐந்து பேர் வந்துவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் முதல் ஆட்டத்தில் வெளியே நின்று குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருங்கள்.